கோட்டைக்குள் உடைத்த பரங்கிக்காய்

தங்கச்சி செல்வி போன் பண்ணினாள். கல்யாணம் ஆகிப் பிரான்சுக்குப் போனவள். அங்கே ஒரு கோட்டை ஊரில் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறாளாம்.

"அண்ணா, நீ வந்து நின்னாத்தான் கடையத் தெறப்பேன்."

"நான் வந்து இன்னாடி பண்ணப் போறேன்?"

"காய் சுத்தி ஒடைக்கணும். நம்ம வூட்டு ஆம்பள ஒடைச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

திருஷ்டிக்காய் உடைக்க விமானம் ஏறிய ஆள் எங்கள் குருவிநத்தத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் பக்கத்து ஊர். கரும்பு வைத்திருக்கிறேன். டிராக்டர் ஓட்டுவேன். அதுவரைக்கும் நான் போன தூரம் திருப்பதி.

வீட்டுக்காரி பை கட்டினாள். புளி, மிளகாய்த்தூள், அப்பளம், குங்குமம், கற்பூரம். கடலோர நல்லவாடு கிராமத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை நாலு கவர் போட்டுச் சுற்றினாள். "அங்க ஒரு வார்த்த புரியாது. நீ வாயத் தெறக்காம போயிட்டு வந்துடு" என்றாள். நான் இங்கேயும் அதிகம் திறப்பதில்லை.

விமானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சோறு கொடுத்தார்கள். ஆறிப்போயிருந்தது. தூங்கினேன்.

பாரீசில் செல்விக்குத் தெரிந்த காரைக்கால்காரர் ஒருவர் ரயில் ஏற்றிவிட்டார். "கடைசி ஊர்ல எறங்கணும். தூங்கினாக்கூட ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எதிரே ஒரு அம்மா, அவர் பக்கத்தில் ஒரு நாய். நாய்க்கும் டிக்கெட் உண்டாம். பரிசோதகர் வந்து நாயைத் தடவிக் கொடுத்தார். என்னைத் தடவவில்லை.

வழியில் ஒரு பெரிய ஸ்டேஷனில் ரயில் நெடுநேரம் நின்றது. கால் மரத்துப் போயிருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். விசில் ஊதினார்கள். கையருகே இருந்த பெட்டியில் ஏறிவிட்டேன். எல்லாம் ஒரே ரயில்தானே என்று நினைத்தேன். அப்படி இல்லை. அந்த ஊர் ரயில் அந்த ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். பின்பாதி ஒரு ஊருக்குப் போகும், முன்பாதி வேறு ஊருக்குப் போகும். நான் வேறு ஊருக்குப் போனேன்.

இறங்கின பிறகுதான் தெரிந்தது. அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போனைக் கொடுத்தேன். செல்வி அவரிடம் பிரெஞ்சில் பேசினாள். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். நம் புதுச்சேரிப் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தொப்பி என்பார்கள். இவர் தலையில் அது இல்லை. கொடுத்தவன் கழற்றிவிட்டான், நாம்தான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் தான் தின்ற நீட்டு ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று எந்தப் பாஷையில் சொல்வது? வாங்கித் தின்றேன். கடிக்கக் கடிக்கத் தாடை வலித்தது. ஆனாலும் ருசியாக இருந்தது.

செல்வி புருஷன் மரியதாஸ் வேன் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வில்லியனூர்க்காரர். அவர் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய், ஆக இருந்தவர். அதனால் குடும்பமே பிரெஞ்சுக் குடிமக்கள்.

"வாங்க மச்சான். ரயிலு ரெண்டாப் பூட்ச்சா?"

"ஆமா மாப்ள."

"எனக்கும் மொதல் தடவ அப்பிடித்தான். நான் ரொட்டிகூட கெடைக்காம குந்திகினு இருந்தேன்."

வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். இலை சிவந்து கிடந்தது. அந்தி சாயும் நேரத்தில் ஒரு குன்று தெரிந்தது. குன்றுக்குத் தலைப்பாகை கட்டினது மாதிரி ஒரு கல் மதில். அதுதான் ஊர். பெயர் என் வாயில் நுழையவில்லை. கோட்டையூர் என்றே வைத்துக்கொண்டேன்.

வாசலோடு வேன் நின்றது. உள்ளே நுழையாது. என் டிராக்டரும் நுழையாது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒரு தெரு, ஒரு மாதா கோயில், ஒரு கிணறு. வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. நம் பாகூர்க் கடைத்தெருவில் பாதி இருக்கும். அவ்வளவுதான் ஊர்.

செல்வி ஓடி வந்தாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம். "இன்னாண்ணா இப்பிடி எளைச்சிட்ட?" என்றாள். "நீ பெருத்துட்ட" என்றேன். முதுகில் அடித்தாள்.

மறுநாள் காலையில் குளிர். ஐப்பசி மழையில் நனைந்து வயலில் நின்றால் வரும் குளிர் வேறு. இது எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மரியதாஸின் குளிர்க் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கை முழங்கையோடு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பாலாடைக்கட்டி. மேலே பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. நாற்றம் தாங்கவில்லை. செல்வி, "தின்னுண்ணா, மரியாதை" என்று காதில் சொன்னாள். தின்றேன். பிறகு நான் கருவாட்டுக் கவரைப் பிரித்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். செல்வி நாலு நெத்திலியை வறுத்துக் கொடுத்தாள். தின்றார். இன்னும் இரண்டு கேட்டார். அதோடு நாங்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம். பேச்சு ஒன்றும் இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

கடையைக் காட்டினாள். கோட்டை வாசலை ஒட்டி முதல் இடம். முன்னே அது ரொட்டிக் கடையாம். சொந்தக்காரர் ஒரு வயதான அம்மா, மாடியில் தனியாக இருக்கிறார். அவர் புருஷன் இருந்தவரை இருவருமாக ரொட்டி சுட்டிருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு அவர் மதாம்.

பல பேர் அந்த இடத்தைக் கேட்டார்களாம். படம் விற்கிற கடை, சோப்பு விற்கிற கடை. மதாம் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுப்பு எரியும் கடைக்குத்தான் கொடுப்பேன் என்றிருக்கிறார். செல்வி போய்த் தோசை சுட்டுப் போட்டாள். மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டார். என் முழங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி. செல்வி அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள்.

மதாம் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். கையில் கோல். நடை என்னை விட வேகம். அவர் பேச, மரியதாஸ் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த மதிலை ராஜா கட்டவில்லையாம். ஊர்க்காரர்களே கட்டினார்களாம். வீட்டுக்கு இத்தனை முழம் மதில் என்று பங்கு. அவரவர் பங்கை அவரவர் எழுப்ப வேண்டும். ஓரிடத்தில் மதில் வயிறு தள்ளி நின்றது. மதாம் கோலால் தட்டினார்.

"இது குடிகாரன் வூட்டுப் பங்காம் மச்சான். இன்னிக்கும் அந்த வூட்டுக்காரங்களக் கேலி பண்ணுவாங்களாம்."

எனக்குப் பாகூர் ஏரி நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஏரிக்கரையையும் ஊர் ஊராகப் பங்கு பிரித்து அடைப்பார்களாம். யார் பங்கில் உடைந்தது என்று சண்டை நடக்குமாம். அதைச் சொன்னேன். மதாமுக்கு ரொம்பச் சந்தோஷம்.

வாசலுக்கு மேலே ஒரு ஓட்டை. எதிரி உள்ளே நுழைந்தால் தலையில் ஊற்றுவதற்கு. "கொதிக்கிற எண்ணெயா?" என்று மரியதாஸ் கேட்டார். மதாம் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"எண்ணெய்க்கு எங்க போறதுன்றாங்க. கல்லு, சுடுதண்ணி. அப்பறம் ராத்திரி ஒண்ணுக்குப் போற பானையில இருக்கறதாம்."

அதற்குப் பயந்துதான் எதிரி வராமல் இருந்திருப்பான்.

ஆனால் ஒரு தடவை வந்திருக்கிறார்கள். அந்தக் கதையை மதாம் மதில் மேல் உட்கார்ந்து சொன்னார். பல நூறு வருஷம் முன்னால். ராஜாக்கள் சண்டை போட்டு நிறுத்திவிட்டார்கள். கூலி இல்லாத பட்டாளத்துக்காரர்கள் கும்பல் கும்பலாக ஊர்களைக் கொள்ளையடித்தார்கள். ஒரு கும்பல் இங்கே வந்து மதிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. அறுப்பு முடிந்த நேரம். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தது. உள்ளே மாவு தீர்ந்தது. கழுதை தீர்ந்தது. தோல் வாரை வேகவைத்துத் தின்றார்கள்.

அப்போது ஒரு வாலிபன் ஒரு யோசனை சொன்னான். மிச்சம் இருக்கும் ரொட்டியை மதிலுக்கு வெளியே வீசுவோம். இவர்களிடம் நிறைய இருக்கிறது, எத்தனை நாள் உட்கார்ந்தாலும் ஆகாது என்று எதிரி நினைத்துப் போய்விடுவான். வேறு ஊர்களில் அப்படி வீசித் தப்பித்த கதைகள் உண்டாம். இங்கேயும் வீசினார்கள். கும்பல் ரொட்டியைத் தின்றது. இந்த ஊரில் நிறைய ரொட்டி இருக்கிறது, பிடித்தே ஆக வேண்டும் என்று இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டது.

அந்த மாதத்தில்தான் பிள்ளைகள் செத்தன. பிறகு கும்பலுக்குள் காய்ச்சல் வந்தது. தானாகவே போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து மதிலுக்குள் யாரும் தின்னும் பொருளைத் தரையில் வீசக் கூடாது. ரொட்டி தவறி விழுந்தால் எடுத்து முத்தம் கொடுத்துத் தின்ன வேண்டும். ரொம்ப அழுக்காகிவிட்டால் கோழிக்கு. இப்போது இருக்கும் பிள்ளைகளும் செய்கிறார்கள் என்றார் மதாம்.

எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனது. நாமும் சோறு காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்கள் ஊரில் கோட்டை உண்டா?" என்று மதாம் கேட்டார்.

வில்லியனூரில் இருந்ததாம் என்றேன். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மாறி மாறிப் பிடித்தார்களாம். என் மாமனார் வீடும் அங்கேதான். கோட்டை எங்கே இருந்தது என்று கேட்டால் ஒருவர் கிழக்கே கை காட்டுவார், ஒருவர் மேற்கே காட்டுவார். கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று மதாம் கேட்டார். வீடாகியிருக்கும் என்றேன். அவர் சிரித்தார். எங்கள் மதிலிலும் கொஞ்சம் என் சமையலறையில்தான் இருக்கிறது என்றார்.

ராத்திரி வீட்டுக்காரியிடம் போனில் கோட்டையைப் பற்றிச் சொன்னேன். "செஞ்சிக் கோட்டை மாதிரியா?" என்று கேட்டாள். "செஞ்சிக்குக் கன்னுக்குட்டி மாதிரி" என்றேன்.

அடுத்த நாள் காய் தேடினோம். கடை திறக்க வேண்டும் என்றால் வெள்ளைப் பூசணிக்காய் வேண்டும். மேலே வெட்டிக் குங்குமம் கரைத்து ஊற்றி, கற்பூரம் ஏற்றி, வாசலில் மூன்று சுற்று சுற்றித் தெருவில் போட்டு உடைப்போம். வருகிற கண்ணேறு எல்லாம் அதோடு போய்விடும். அதன் பிறகுதான் கடையில் அடுப்பு மூட்டுவது. புதுச்சேரியில் அமாவாசைக்கு அமாவாசை கடைத்தெருவில் வண்டி ஓட்ட முடியாது, அத்தனை காய் உடைந்து கிடக்கும்.

மரியதாஸ் மேசை நாற்காலி எடுக்க வேனில் போயிருந்தார். நானும் செல்வியும் சந்தைக்குப் போகக் கீழ்ச்சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். வரவே இல்லை. பள்ளிக்கூடம் லீவாம். பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் பஸ்ஸும் கிடையாதாம். பாகூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது போய்விடலாம். இங்கே தொங்குவதற்கும் பஸ் இல்லை.

ஒரு டிராக்டர் வந்தது. திராட்சை வரிசைக்கு நடுவே ஓட்டுவதற்காக ஒல்லியாகச் செய்த டிராக்டர். கை காட்டினேன். ஓட்டியவர் நிறுத்தினார். செல்வி ஏதோ சொன்னாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இறங்கி இருக்கையைக் காட்டினார்.

"இன்னாடி சொன்ன?"

"எங்கண்ணன் ஊர்ல இதான் ஓட்றாருன்னேன். ஓட்டிக் காட்டுன்றாரு."

ஓட்டினேன். கியர் எல்லாம் நம்முடையது மாதிரிதான். சந்தை வரைக்கும் நான்தான் ஓட்டினேன். செல்வி பின்னால் நின்றுகொண்டு எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கையாட்டினாள். தேரில் வருகிற மாதிரி. இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சவாரிதான்.

சந்தையில் வெள்ளைப் பூசணி இல்லை. அவர்களுக்கு அப்படி ஒரு காய் இருப்பதே தெரியவில்லை. மஞ்சள் பரங்கிக்காய்தான் இருந்தது, அதுவும் தேங்காய் அளவில். செல்வி முகம் வாடிவிட்டது.

"சின்னதா ஒடைச்சா கண்ணு போவாதுண்ணா."

திரும்பி வந்ததும் மதாம் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். கடை திறக்கிற அன்றைக்குப் பெரிய காய் வேண்டும் என்று செல்வி சொன்னாள். மதாம் எங்கள் இருவர் கையையும் பிடித்து மதிலுக்குக் கீழே தன் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வைக்கோல் மெத்தையில் ஒரு பரங்கிக்காய். உரல் அளவு. குளிர்காலக் கஞ்சிக்காக வளர்த்தது. அதைத் தட்டிக் காட்டினார். மாட்டைத் தட்டுவது மாதிரி. எடுத்துக்கொள் என்றார்.

இன்னது செய்வோம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடை திறக்கிற நாளில் அத்தனை பேருக்கும் சமைப்போம் என்று அவர் நினைத்துக்கொண்டார். எங்களுக்கோ அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தோளில் தூக்கி வந்தேன். மதாம் பின்னாலேயே வந்து, கீழே வைக்கும்போது அடிபடாமல் துணியை விரித்தார்.

திறக்கும் நாள். செல்வி பட்டுப்புடவை கட்டி மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். கடைக்குள் மாவுப் பாத்திரங்கள் பொங்கி நின்றன. அரிசி, பருப்பு, உப்பு மூட்டை எல்லாம் அடுக்கியாயிற்று. ஊர் முழுக்க வந்துவிட்டது. கருவாடு தின்ற பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், எனக்கு அவர் கருவாட்டுக்காரர். டிராக்டர்காரர் பெண்டாட்டியோடு வந்தார். மதாம் நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்தார்.

வேட்டி கட்டிக்கொண்டேன். குளிரைப் பார்த்தால் ஆகாது. காயில் சதுரமாக வெட்டிக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினேன். மேலே கற்பூரம் வைத்தேன். நெருப்பு எரிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மதாமும் தட்டினார். கடை வாசலில் மூன்று சுற்று சுற்றினேன். பாரம் தோளை இழுத்தது. கோட்டை வாசல் கல்லுக்கு எதிரே வந்து, தலைக்கு மேல் தூக்கி, ஓங்கிப் போட்டேன்.

நல்ல உடைப்பு. பத்துத் துண்டுக்கு மேல் போனது. சிவப்புத் தண்ணீர் மதில் வரைக்கும் தெறித்தது. நம் ஊராக இருந்தால், 'ஆகா' என்றிருப்பார்கள்.

இங்கே டிராக்டர்காரர் தொப்பியைக் கழற்றினார். மதாம் எழுந்து வந்தார். துண்டுகளைப் பார்த்தார். குனிந்து ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. செல்வியிடம் ஏதோ சொன்னார், மெதுவாக.

மரியதாஸ் என் பக்கம் திரும்பினார்.

"சாவியக் கேக்கறாங்க."

செல்வி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். மதாம் கடையைப் பூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். ஊர் கலைந்தது. நாங்கள் மூன்று பேரும் உடைந்த காயும் தெருவில் நின்றோம்.

"மச்சான், கதவெல்லாம் சாத்திட்டாங்க. இவங்க சொல்லிட்டா இந்த ஊர்ல ஒருத்தரும் நம்மகிட்ட வரமாட்டாங்க" என்றார் மரியதாஸ்.

செல்வி கோட்டை வாசல் கல்லில் உட்கார்ந்து அழுதாள். "மாவு உள்ளயே புளிச்சிப் போவப்போவுது" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

நான் யோசித்தேன். மதில் மேல் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டவன் நான்தான். தரையில் வீசக் கூடாது என்று கேட்டேன். நல்ல வழக்கம் என்று தலையாட்டினேன். மறுநாளே கதை சொன்னவர் தோட்டத்துக் காயையே தூக்கி வந்தேன். தோளில் இருக்கும்போதுகூட அது எனக்குத் தின்கிற பொருளாகத் தெரியவில்லை. சுற்றி உடைக்கிற காய் நமக்குக் காய் இல்லை. அவர்களுக்கு அது ஒரு மாதக் கஞ்சி.

விழுந்தால் இந்த ஊரில் என்ன செய்வார்கள்? எடுத்துத் தின்பார்கள்.

வீட்டிலிருந்து வாளியும் கத்தியும் கொண்டுவந்தேன். குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

செல்வி துள்ளி எழுந்தாள். "அண்ணா! அதத் தொடாத. சுத்திப் போட்டது."

"தெரியும்."

"இன்னா பண்ணப் போற?"

"கொழம்பு வெக்கப் போறேன்."

"பைத்தியமா புடிச்சிக்கிச்சி உனக்கு? அத்தினி கண்ணும் அதுல கீது. அத தின்னா கடைக்கே ஆவாது."

"கடை எங்கடி இருக்கு?"

அவள் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. நாற்சந்தியில் உடைத்த காயைத் தாண்டிக்கூடப் போக மாட்டேன், வண்டியை ஒதுக்கித்தான் ஓட்டுவேன். ஆனால் உடைத்தவன் நான். எடுக்க வேண்டியவனும் நான்தானே. ஒவ்வொரு துண்டாகக் கிணற்றடியில் கழுவினேன். தோலை ஆழச் சீவினேன். குங்குமம் பட்ட இடத்தை எல்லாம் வெட்டி எடுத்துக் கருவாட்டுக்காரரின் கோழிக்குக் கொடுத்தேன். விதைகளை ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு துணியில் பரப்பினேன். விரல் விறைத்துப் போனது. மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேஸ் அடுப்பை மரியதாஸ் தூக்கி வந்து தெருவிலேயே வைத்தார். கடையில் இருந்த சாமான் எல்லாம் பூட்டுக்குள். வீட்டுச் சமையலறையில் இருந்ததைக் கொண்டுவந்தோம். புளி இருந்தது, மிளகாய்த்தூள் இருந்தது. உப்பு டப்பாவில் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம்.

கரும்பு வெட்டும் ஆட்களுக்கு நான் சமைத்திருக்கிறேன். பசியில் தின்பார்கள். வெங்காயத்தை அரிந்தேன். செல்வி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாண்ணா, மாட்டுக்குத் தழ நறுக்கறாப்புல நறுக்கற?"

நான் புளியைக் கரைத்தேன்.

"தாளிக்காம புளிய ஊத்தப் போறியா? நவுரு."

"நீதான் தொட மாட்டேன்ன."

"நவுருன்றன்ல. வெச்சித் தரேன். ஆனா வாயில வெக்க மாட்டேன். உப்பு ஒறைப்புகூடப் பாக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கடுகு வெடித்தது. வெந்தயம் மணந்தது. பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் அந்த வாசனை மதில் முழுக்க ஏறியது. கருவாட்டுக்காரர் கதவைத் திறந்து மூக்கை மட்டும் நீட்டினார்.

சோறு வடித்தோம். நான் முதலில் தட்டில் போட்டுக்கொண்டேன். ஒரு நிமிஷம் கை நின்றது. குலசாமியை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தேன். காய் வெண்ணெயாக வெந்திருந்தது. நம் ஊர்க் காயை விட இனிப்பு. முழுத்தட்டையும் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மரியதாஸ் கூட வந்தார். மதாம் கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. தட்டைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். என்ன காய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"கீழ விழுந்தத எடுத்துட்டேம்மா. வெதையும் எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன்.

மரியதாஸ் அதைச் சொன்னார். கூடவே, எங்கள் ஊரில் இதைத் தின்னவே மாட்டோம், கெட்டதை எல்லாம் வாங்கிக்கொண்ட காய் இது, ஆனாலும் இவர் தின்றார் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். மதாம் என்னை நெடுநேரம் பார்த்தார். தட்டை வாங்கவில்லை. கோலை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் படி இறங்கினார்.

கோட்டை வாசல் கல்லில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். தட்டைக் கொடுத்தேன். அதற்குள் ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன.  செல்வி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

மதாம் ஒரு வாய் தின்றார். மென்றார். இன்னொரு வாய் தின்றார். ஸ்பூனால் காயை மட்டும் தனியாக எடுத்துத் தின்றார். ஏதோ சொன்னார்.

"இன்னாவாம்?" என்றேன். 

மரியதாஸ் மெதுவாகச் சொன்னார். "உப்பு கம்மியாம்."

"இன்னாது? உப்பு கம்மியா? நான் வெச்ச கொழம்புலயா?" செல்வி கரண்டியால் குழம்பை அள்ளி உள்ளங்கையில் ஊற்றி வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கைச் சப்புக் கொட்டினாள். "சரியாத்தான..."

நின்றுவிட்டாள். வாயில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாள். நான் மதிலைப் பார்த்தேன். துப்பவும் முடியாது. கோட்டைக்குள் நிற்கிறோம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விழுங்கினாள்.

முதலில் சிரித்தவர் மரியதாஸ். பிறகு கருவாட்டுக்காரர். பிறகு தெருவே சிரித்தது. என்ன விஷயம் என்று முழுசாகத் தெரியாமலே சிரித்தார்கள்.

செல்வி கண்ணைத் திறந்தாள். இன்னும் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள்.

"கம்மிதான்" என்றாள். "உப்பு மூட்ட உள்ள கீது."

மரியதாஸ் அதைப் பிரெஞ்சில் சொன்னார். மதாம் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கையால் தின்றுகொண்டே, மறு கையால் இடுப்புப் பட்டையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.